வெள்ளி விளக்குத்தண்டுகளும் நாற்பது சூ நாணயமும்

மன்னிப்பு, கிருபை ஆகிய பொருள்களில் அருளுரை ஆற்றுவோர் எடுத்தாளும் கதைகளுள் பேராயர் மிரியேலின் கதை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்து வெளிவந்த கைதி ஒருவனை ஊரார் அனைவரும் விரட்டுகின்றனர். பேராயர் ஒருவர் மட்டும் தம் வீட்டில் அவனுக்கு உணவும் படுக்கையும் அளிக்கிறார். அவனோ நள்ளிரவில் எழுந்து அவ்வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியபோது, பாத்திரங்களைத் தாமே கொடுத்ததாகப் பேராயர் கூறுகிறார். விளக்குத்தண்டுகளை ஏன் விட்டுச் சென்றாய் என்று கேட்டு அவற்றையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறார். அக்கணமே அவன் புதிய மனிதனாகிறான். இவ்வாறுதான் கதை சொல்லப்படுகிறது. இதில் கடைசி வாக்கியம் தவிர ஏனையவை அனைத்தும் விக்டர் ஹியூகோ எழுதியவை. கடைசி வாக்கியம் திரைப்படங்கள் எழுதியது.

‘லே மிசெராப்ல்’ என்னும் பிரெஞ்சுப் புதினம் 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலை முழுமையாகப் படித்தோர் எந்நாட்டிலும் சிலரே. திரையில் கண்டோர் மிகப் பலர். ஊமைப்பட நாள்களிலிருந்தே இது மீண்டும் மீண்டும் படமாக்கப்பட்டு வந்துள்ளது. தமிழ் மக்களுக்கும் இக்கதை புதிதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் இதனைத் தமிழில் தந்தார். அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கிய பட்சிராஜா நிறுவனத்தின் திரைப்படம் 1950இல் வெளிவந்தது. நாகையா ஏற்று நடித்த கைதிக்குக் கந்தன் என்று தமிழ்ப் பெயர் சூட்டப்பட்டது. அவனை விடாது துரத்தும் காவல் அதிகாரிக்கோ ‘ஜாவர்’ என்னும் பிரெஞ்சுப் பெயரே நிலைத்தது. அவ்வேடம் ஏற்ற சீதாராமன் தம் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். பாவிக்கு நம் ஊர்ப் பெயரும் சட்டத்துக்கு அயல்நாட்டுப் பெயரும் வாய்த்தது தற்செயலே ஆயினும், மூன்றாண்டுகளுக்கு முன்புவரை அயலார் ஆட்சியின் கீழிருந்த நாட்டில் அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது. 1972இல் வெளிவந்த ‘ஞான ஒளி’ திரைப்படத்திலும் இப்புதினத்தின் நிழலைக் காணலாம். கிறிஸ்தவப் பின்னணி, பெயரை மறைத்து வாழும் கைதி, கடமையில் வழுவாத காவல் அதிகாரி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. எனினும் அது தனக்கென ஒரு கதையை உடையது.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்வன ஆங்கிலப் படங்கள் இரண்டு. ஒன்று, 1998இல் பில்லே ஆகஸ்ட் இயக்கத்தில் லியம் நீசன் நடித்தது. மற்றொன்று, மேடை இசை நாடகத்தைத் தழுவி 2012இல் டாம் ஹூப்பர் இயக்கியது. ஹியூ ஜாக்மன் நடித்தது. இன்று இறையியல் மாணவரும் சபை இளைஞரும் ஹியூகோவின் கதையை அறிவது பெரும்பாலும் இவ்விரண்டின் வாயிலாகவே எனலாம். புதினத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவற்றை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, பேராயரின் கதையில் இரண்டு இடங்களில் கத்தரிக்கோல் பட்டிருப்பது தெளிவாயிற்று. ஒன்று, அவ்விரவுக்கு முன்னுள்ள பகுதி. மற்றொன்று, அவ்விரவுக்கு அடுத்த மாலையில் நிகழ்வது. கதை நீளமானது, எதையேனும் வெட்டித்தானே ஆகவேண்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இவ்விரு வெட்டுகளும் கிருபையைப் பற்றிய நம் போதனையையே மாற்றிவிடுகின்றன என்பது நம் கருத்து.

பேராயரின் வீட்டுக் கணக்கு

புதினத்தின் முதல் நூல் முழுவதும் பேராயர் மிரியேலைப் பற்றியது. பதினான்கு அத்தியாயங்கள் கடந்த பின்னரே கைதி ழான் வல்ழான் ஊருக்குள் நுழைகிறான். இன்றைய வாசகர் பலர் இப்பகுதியைப் பொறுமையிழந்து புரட்டிவிடுகின்றனர். அதில் பக்கம் பக்கமாக இடம்பெறுவது ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு.

தீஞ் நகருக்கு வந்த மூன்றாம் நாள் பேராயர் பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குச் செல்கிறார். நெருக்கமான சிறிய அறைகளில் இருபத்தாறு நோயாளிகள். தமது அரண்மனையிலோ மூவர் மட்டுமே. இதில் ஏதோ தவறு நேர்ந்துள்ளது, என் வீடு உங்களிடமும் உங்கள் வீடு என்னிடமும் மாறியிருக்கிறது என்று கூறி, நோயாளிகளை அரண்மனைக்கு அனுப்பிவிட்டுத் தாம் மருத்துவமனைக் கட்டடத்தில் குடியேறுகிறார். அரசு அவருக்கு அளித்த ஊதியம் ஆண்டொன்றுக்குப் பதினைந்தாயிரம் பிராங்கு. அதில் தமக்கென ஒதுக்கியது ஆயிரம் மட்டுமே. தங்கை பப்டிஸ்டினுக்கு வந்த ஐந்நூறு பிராங்கையும் சேர்த்து, பணிப்பெண் மக்லுவார் அம்மையார் உட்பட மூவரும் ஆயிரத்தைந்நூறில் வாழ்ந்தனர். வண்டிச் செலவுக்கென மூவாயிரம் பிராங்கு கேட்டுப் பெற்றபோது ஊர்ப் பெரியோர் நகைத்தனர். அவரோ அம்முழுத் தொகையையும் நோயாளிகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுவிட்டார். திருச்சபைக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய நம்மவர்க்கு இப்பக்கங்கள் சலிப்பூட்டக் கூடாது. ஒரு பேராயரின் விசுவாசத்தை அவரது செலவுப் பட்டியலிலிருந்து நிறுவ முற்பட்ட புதின ஆசிரியர் வேறு எவரும் நினைவுக்கு வரவில்லை.

இக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. ஆறு வெள்ளிக் கரண்டிகளும் கத்திகளும், குழம்பு அகப்பை ஒன்றும், பெரிய அத்தை ஒருவர் விட்டுச்சென்ற இரண்டு விளக்குத்தண்டுகளும் மட்டும் அவர் வீட்டில் எஞ்சியிருந்தன. வெள்ளியில் உண்பதைக் கைவிடுவது தமக்குக் கடினம் என்று பேராயரே ஒப்புக்கொள்வதுண்டு. எல்லாவற்றையும் துறந்தவரிடம் எஞ்சி நின்ற ஒரே பற்று அது. கைதி திருடியது அதைத்தான். மறுநாள் காலையில் பணிப்பெண் அலறியபோது பேராயர் தந்த மறுமொழி திரைப்படங்களில் உரிய அழுத்தம் பெறவில்லை: அவ்வெள்ளி ஏழைகளுக்கு உரியது, அதை இத்தனை காலம் வைத்திருந்தது தம் தவறு, வந்தவன் ஓர் ஏழை. அதாவது, காவலர் வாயிற்படி ஏறுவதற்கு முன்னரே பேராயர் தம்மை விசாரித்துத் தீர்ப்பளித்து முடித்துவிட்டார். காவலரிடம் அவர் கூறியது பொய்யா என்று நம் ஒழுக்கவியல் வகுப்புகளில் விவாதிக்கப்படுவதுண்டு. புதினத்தின்படி அது பொய்யன்று. உரிமையாளன் யார் என்னும் வினாவுக்கு அவர் அரை மணி நேரம் முன்னதாகவே விடை கண்டிருந்தார்.

படத்தில் நாம் காண்பதோ வேறு. வெண்தலையர் ஒருவர் எங்கிருந்தோ தோன்றுகிறார், ஒரே ஒரு வியத்தகு செயலைச் செய்கிறார், மறைகிறார். அச்செயல் மின்னலைப்போல வானத்திலிருந்து விழுகிறது. மிரியேலின் நாள்தோறும் பழகிய பழக்கத்தின் விளைவே அச்செயல் என்பதை அறிய வழியில்லை. கதவைத் தாழிடாமல் உறங்குவதும், வருபவனின் பெயரைக் கேளாதிருப்பதும், கைதியையும் ‘ஐயா’ என்று அழைப்பதும் அவ்வீட்டின் அன்றாட ஒழுங்கு. அவ்விரவு அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

முதல் நூலில் வேறொரு சந்திப்பும் உண்டு. இவ்விரு படங்களிலும் அதற்கு இடமில்லை. பிரெஞ்சுப் புரட்சி மன்றத்தில் உறுப்பினராயிருந்த முதியவர் ஒருவர் ஊருக்கு வெளியே தனிமையில் சாகக் கிடக்கிறார். ஊரார் அவரைக் கொடியவராகக் கருதி ஒதுக்கியிருந்தனர். பேராயருக்கும் அவர்மீது வெறுப்பே. நெடுநாள் தயங்கிய பின் கடமைக்காகவே செல்கிறார். கைதிக்கு முகம் சுளிக்காதவர் இந்த அரசியல்வாதிக்குக் கை கொடுக்கவும் தயங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. உரையாடலின் முடிவில், ஆசி வழங்கச் சென்றவர் முழந்தாளிட்டு அம்முதியவரிடம் ஆசி கேட்கிறார். மனந்திரும்புதல் இப்புதினத்தில் முதன்முதலாக நிகழ்வது கைதிக்கு அன்று, பேராயருக்கே. இச்செய்தி தம் அருளுரையில் இடம்பெற வேண்டுமென்று விரும்பும் ஆயர் புத்தகத்துக்குத்தான் செல்லவேண்டும்.

ஹியூகோ எந்தத் திருச்சபைக்கும் வேண்டியவராயிருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம். 1864இல் இப்புதினம் உரோமைத் திருச்சபையின் தடைநூல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தம் அடக்கத்தில் எந்தச் சபையின் வேண்டுதலும் வேண்டா என்று எழுதி வைத்தவர் அவர். கடவுளை நம்புவதாகவும் அதே தாளில் எழுதினார். அத்தகைய ஒருவர் படைத்த பேராயரை நாம் மேடையில் புகழும்போது, அப்படைப்பில் நம்மை நோக்கிய ஒரு குத்தலும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

சமவெளியில் ஒரு சிறுவன்

இனி இரண்டாவது வெட்டுக்கு வருவோம். பேராயரின் வாசலை விட்டகன்ற ழான் வல்ழான் நாள் முழுவதும் எங்கெங்கோ அலைகிறான். அவன் உள்ளத்தில் நன்றியும் இல்லை, அமைதியும் இல்லை. இனந்தெரியாத ஒரு சினமே பொங்குகிறது. சூரியன் மறையும் வேளை; ஆளரவமற்ற சமவெளி; ஒரு புதர் ஓரத்தில் அவன் அமர்ந்திருக்கிறான். சவாய் நாட்டுச் சிறுவன் ஒருவன் பாடிக்கொண்டு வருகிறான். வயது பத்து இருக்கும். ஊர் ஊராகச் சென்று இசைப்பெட்டி வாசித்துப் பிழைக்கும் ஏழைப் பிள்ளை; சின்ன ழெர்வே என்பது அவன் பெயர். கையிலிருந்த காசுகளை மேலே எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டு வந்தவனிடமிருந்து நாற்பது சூ நாணயம் ஒன்று தவறி உருண்டோடுகிறது. வல்ழான் அதன்மேல் காலை வைக்கிறான். சிறுவன் கெஞ்சுகிறான், அழுகிறான், அந்தக் கனத்த காலணியை அசைக்கப் பார்க்கிறான். கைதி தடியை ஓங்கி அதட்டுகிறான். சிறுவன் நடுநடுங்கி ஓடிவிடுகிறான்.

பேராயர் மன்னித்த அதே நாளில், அவர் கொடுத்த விளக்குத்தண்டுகள் முதுகுப் பையில் இருக்கும்போதே நிகழ்ந்தது இது. நாற்பது சூ என்பது இரண்டு பிராங்கு. விளக்குத்தண்டுகள் இருநூறு பிராங்கு பெறும் என்று பேராயரே சொல்லியிருந்தார். நூறு மடங்கைக் கொடையாகப் பெற்றவன் நூற்றில் ஒரு பங்கைக் குழந்தையிடமிருந்து பறிக்கிறான். மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தை அறிந்தவர்க்கு இக்காட்சி எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியன் வெளியே சென்று, நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறானே, அதுவே இது. உவமையில் அரசன் அவனை மீண்டும் அழைத்துத் தண்டிக்கிறான். புதினத்தில் அரசனுக்கு ஒப்பான பேராயர் மீண்டும் வருவதில்லை. அவன் உள்ளத்திலேயே நீதிமன்றம் கூடுகிறது.

காலை நகர்த்தியபோது நாணயம் கண்ணில் படுகிறது. அப்பொழுதுதான் அவன் தன்னைக் காண்கிறான். எழுந்து சிறுவனின் பெயரைக் கூவிக்கொண்டு இருளில் ஓடுகிறான். விடை இல்லை. அங்கே குதிரைமேல் குரு ஒருவர் எதிர்ப்படுகிறார். சிறுவன் ஒருவனைக் கண்டீரா என்று வல்ழான் கேட்கிறான், ஏழைகளுக்கென ஐந்து பிராங்கு நாணயங்களை அவர் கையில் திணிக்கிறான், மீண்டும் திணிக்கிறான், நான் திருடன், என்னைப் பிடித்துக் கொடும் என்று கதறுகிறான். குரு அஞ்சி, குதிரையை விரட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்.

புதினத்தில் ஒரு சில வரிகளே பெறும் இக்குருவைப்பற்றி இறையியல் கல்லூரிகளில் ஒரு முழு வகுப்பே நடத்தலாம். மனந்திரும்பும் ஒருவன் தன் பாவத்தை அறிக்கையிட்டு, ஈடுசெய்யப் பணத்தையும் நீட்டி நிற்கிறான். கேட்க வேண்டியவர் ஓடுகிறார். முந்தின நாள் இரவு அழுக்கோடும் முரட்டுத்தனத்தோடும் வந்தவனைப் பேராயர் ஏற்றார். இக்குரு தம் வாழ்நாளிலேயே கேட்கக் கிடைத்த மிக உண்மையான பாவ அறிக்கையைத் தவறவிட்டார். அவர் தீயவர் அல்லர். இருட்டில் தனிவழியில் யாரும் அஞ்சத்தான் செய்வர். முதல் நூலின் பதினான்கு அத்தியாயங்களும் எதற்கு எழுதப்பட்டன என்பது இங்கேதான் விளங்குகிறது. அன்றாடம் கதவைத் திறந்து வைத்துப் பழகாதவருக்கு அந்த இருட்டில் குதிரையை நிறுத்தும் துணிவு திடீரென்று வந்துவிடாது.

அதன்பின் வல்ழான் ஒரு கல்மேல் விழுந்து அழுகிறான். பத்தொன்பது ஆண்டுகளில் அவன் அழுதது அதுவே முதன்முறை. பேராயரின் வாசலில் அவன் அழவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே திகைத்தான், நடுங்கினான், அவ்வளவே. நல்லவனாக வாழ்வதாக வாக்களித்ததை மறவாதே என்று பேராயர் சொன்னபோது, தான் எப்போது வாக்களித்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவனது ஆன்மாவைத் தாம் விலைகொடுத்து வாங்கிக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டதாக அவர் கூறினார். விலை செலுத்தப்பட்டது உண்மை. ஆனால் வாங்கப்பட்டவன் அதை அறிந்து ஏற்றது மாலையில்தான், வேறோர் ஏழைக்குத் தான் செய்த தீங்கின் முன்னிலையில்.

படங்கள் ஏன் இச்சிறுவனை விட்டன?

1998ஆம் ஆண்டுப் படத்திலும் 2012ஆம் ஆண்டுப் படத்திலும் சின்ன ழெர்வே இல்லை. மேடை இசை நாடகத்திலேயே அவனுக்கு இடமில்லாதபோது அதைத் தழுவிய படத்தில் எதிர்பார்ப்பதும் கூடாது. காரணம் ஊகிக்கக்கூடியதே. விளக்குத்தண்டுக் காட்சியில் பார்வையாளர் கண்ணீர் சிந்திவிட்டனர். கதைத்தலைவன்மீது அன்பு பிறந்துவிட்டது. அடுத்த காட்சியில் அவன் குழந்தையிடம் திருடினால் அந்த அன்பு உடைந்துபோகும். அதை ஒட்டவைக்கப் படத்துக்கு நேரம் இல்லை. புத்தகம் வாசகனின் வெறுப்பைப் பல பக்கங்கள் சுமந்து செல்லும். இரண்டரை மணி நேரப் படம் அதற்கு அஞ்சுகிறது.

பில்லே ஆகஸ்டின் படத்தில் இன்னொரு மாற்றமும் உண்டு. வெள்ளியைத் திருடும்போது விழித்துக்கொண்ட பேராயரைக் கைதி அடித்து வீழ்த்துகிறான். புதினத்தில் உறங்கும் பேராயரின் முகத்தில் நிலவொளி விழுகிறது. கையில் இரும்புக் கம்பியுடன் நின்ற கைதி ஒருகணம் தடுமாறித் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பால் செல்கிறான். அடிக்கவில்லை. படத்தின் இயக்குநர் குற்றத்தைக் கடுமையாக்க விரும்பியிருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள்: தீங்குக்கு உள்ளானவரும் மன்னிப்பவரும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். அடிபட்டவர் மன்னிக்கிறார், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. புதினத்திலோ கணக்கு தீரவில்லை. அடிபட்டவன் சிறுவன், மன்னித்தவர் பேராயர். பேராயரால் சிறுவனுக்காக மன்னிக்க இயலுமா? இயலாது. சிறுவனே வந்து மன்னிக்க இயலுமா? அவன் இருளில் மறைந்துவிட்டான். புதினத்தில் மீண்டும் அவன் வருவதே இல்லை.

காணிக்கையைப் பலிபீடத்தின்முன் விட்டுவிட்டுச் சகோதரனிடம் சென்று ஒப்புரவாக வேண்டும் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். சகோதரனைக் கண்டுபிடிக்க இயலாவிடில் என் செய்வது? சகேயுவுக்கு இச்சிக்கல் இல்லை. எரிகோவில் தான் யார் யாரிடம் பறித்தோம் என்பது அவனுக்குத் தெரியும், நாலத்தனையாகத் திருப்பித் தரவும் முடியும். வல்ழான் பெயரை மாற்றிக்கொண்டு, மோந்த்ரேய் நகரில் தொழிலதிபராகி, மேயரும் ஆகிறான். அவ்வூர் வழியே புகைபோக்கித் துடைக்கவரும் சவாய்ச் சிறுவர் ஒவ்வொருவரையும் அழைத்து அவர்தம் பெயரைக் கேட்டுப் பணம் கொடுத்தனுப்புகிறான். ஊராருக்கு அது வள்ளன்மையாகத் தெரிகிறது. உண்மையில் அவன் ஒரு கடனாளியாக அலைந்துகொண்டிருக்கிறான். படங்களில் மேயரின் நற்செயல்கள் நன்றியுணர்விலிருந்து பிறக்கின்றன. புதினத்தில் அவற்றோடு தீராக் கடனும் கலந்திருக்கிறது.

சட்டத்தின் கதையும் இதனால் மாறிவிடுகிறது. ஜாவர் அவனைத் துரத்துவது எதற்காக? 2012ஆம் ஆண்டுப் படத்தில் நிபந்தனை விடுதலைச் சீட்டைக் கிழித்தெறிந்து ஓடியதற்காக. ஆகவே பார்ப்போர் கண்ணுக்குச் சட்டம் வெறும் கொடுமையாகத் தோன்றுகிறது. புதினத்தில் ஜாவரின் கையில் உண்மையான குற்றம் ஒன்று உள்ளது. விடுதலையான கைதி நெடுஞ்சாலையில் ஒரு குழந்தையிடம் கொள்ளையிட்டான். அன்றைய சட்டப்படி மறுகுற்றவாளிக்கு அதன் தண்டனை வாழ்நாள் முழுவதும் கடும் உழைப்பு. அத்தண்டனை அளவுக்கு மீறியது. ஆனால் குற்றச்சாட்டு பொய்யன்று. ஜாவரைப் பரிசேயன் என்று மேடையில் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். அந்தச் சிறுவனுக்காக அரசாங்கத்தில் நினைவு வைத்திருந்தவர் அவர் ஒருவரே என்பதையும் சொல்லவேண்டும்.

1823இல் அராஸ் நகர நீதிமன்றத்தில் வேறொருவன் தன் பெயரால் தண்டிக்கப்படவிருக்கும்போது மேயர் எழுந்து தானே வல்ழான் என்று அறிவிக்கும் காட்சி இரு படங்களிலும் சிறப்பாகவே அமைந்துள்ளது. ஆனால் புதினத்தில் அவன் காட்டும் சான்றுகளுள் ஒன்று படங்களில் இருக்க வழியில்லை. முந்தின இரவு அவன் தன் பழைய உடைகளையும் பையையும் தீயிலிட்டான். எரிந்த பைக்குள்ளிருந்து ஒரு நாணயம் சாம்பலில் மின்னியது. என் வீட்டு அடுப்புச் சாம்பலில் சின்ன ழெர்வேயிடம் திருடிய நாற்பது சூ கிடக்கிறது, சென்று பாருங்கள் என்று அவன் நீதிமன்றத்தில் சொல்கிறான். விளக்குத்தண்டுகளையும் அவன் அவ்விரவு உருக்கிவிட எண்ணினான். இறுதியில் அவற்றை மாடத்திலேயே திரும்ப வைத்தான். ஆண்டுக்கணக்காக ஒரே வீட்டில் இரண்டையும் வைத்திருந்தவன் அவன். விளக்குத்தண்டு யாவரும் காண மாடத்தில் இருந்தது. நாணயம் மறைவில் பைக்குள் இருந்தது. திரை விளக்குத்தண்டை மட்டும் கண்டது.

திரைக்குரிய பெருமையை மறுப்பது நம் நோக்கமன்று. ஹூப்பரின் படத்தின் முடிவில், சாகும் வல்ழானை எதிர்கொள்ளப் பேராயர் மெழுகுதிரி ஒளியில் நிற்கிறார். லண்டன் மேடையில் 1985இல் முதன்முதல் வல்ழானாகப் பாடிய கோம் வில்கின்சனே இப்படத்தில் பேராயராக நடித்துள்ளார். முதிய வல்ழான் இளைய வல்ழானை வரவேற்பதாகவே அதனை அறிந்தோர் உணர்வர். புதினத்திலும் வல்ழான் அத்தண்டுகளில் மெழுகுதிரி எரியச் சாகிறான். குருவை அழைக்கவா என்று கேட்டபோது, தனக்கு ஒருவர் இருக்கிறார் என்று மேலே காட்டுகிறான். ஹியூகோ சொல்லால் சுட்டியதைப் படம் முகமாகக் காட்டியது; அது நல்ல விரிவுரையே. 1998ஆம் ஆண்டுப் படத்துக்கு இந்த வாய்ப்பும் இல்லை. ஜாவர் ஆற்றில் விழுந்ததும் வல்ழான் விடுதலை பெற்றவனாய்க் கரையோரம் நடந்து செல்வதோடு அது முடிந்துவிடுகிறது. 1935இல் வந்த அமெரிக்கப் படமும் ஜாவரின் சாவோடு முடிந்தது. துரத்தியவன் ஒழிந்தான், ஆகவே விடுதலை என்னும் முடிவு பார்வையாளருக்கு மகிழ்ச்சி தரலாம். பவுலின் நிருபங்களைக் கற்பிப்போர் அதைக் கேள்வி கேட்காமல் விடலாகாது.

இவையெல்லாம் இலக்கிய நுணுக்கம் என்று சிலர் கருதலாம். அப்படியன்று. சபைகளில் ஒப்புரவாக்கும் பணியில் ஈடுபடும் ஆயர் எவரும் இவ்விரு கதைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் சந்திக்கிறார். ஒருவர் சபைப் பணத்தையோ, உடன் விசுவாசியின் நிலத்தையோ, தம் வீட்டுப் பெண்ணின் வாழ்வையோ பறித்துவிட்டுப் பின்னர் ஆயரிடம் வந்து அழுகிறார். ஆயர் அவருக்கு வேண்டுதல் செய்கிறார். சபை அவரை ஏற்றுக்கொள்கிறது. அவருடைய சாட்சி கூட்டங்களில் சொல்லப்படுகிறது. பறிகொடுத்தவரிடம் எவரும் போவதில்லை. அவர் முறையிட்டால் மன்னிக்கும் மனம் இல்லாதவர் என்ற பழியும் அவர்மேல் விழுகிறது. இது திரைப்படத்து விளக்குத்தண்டுக் கதை. மன்னிப்பவருக்கும் மன்னிக்கப்பட்டவருக்கும் இடையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. மூன்றாமவர் படச்சுருளிலிருந்து வெட்டப்பட்டுவிடுகிறார். பொன்ஹேஃபர் 1937இல் மலிவான கிருபை என்று கடிந்து பேசியது பாவியின் சீடத்துவம் பற்றியது. அதன் மறுபக்கத்தில் இந்த மூன்றாமவரும் நிற்கிறார்.

அதே வேளையில், ஈடுசெய்தலை மன்னிப்புக்கு முன்நிபந்தனையாக்கும் எதிர்ப்பிழைக்கும் ஹியூகோ இடம் தரவில்லை. பேராயர் முதலில் கொடுத்தார். எதையும் கேளாமல் கொடுத்தார். அக்கொடை இல்லாமல் நாணயத்தின்மேலிருந்த கால் ஒருபோதும் நகர்ந்திராது. அதற்கு முந்திய பத்தொன்பது ஆண்டுத் தண்டனையால் அதை நகர்த்த இயலவில்லை. சீர்திருத்த மரபில் வந்த நாம் இவ்வரிசையை மாற்ற ஒப்போம். கிருபை முந்தியது, ஆனால் அது வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம், பாதிக்கப்பட்டவனின் பெயரைக் கூவிக்கொண்டு ஒருவன் இருளில் ஓடுவதே.

2018இல் பிபிசி நிறுவனம் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரில் சின்ன ழெர்வே இடம்பெற்றுள்ளான். டெரெக் ஜேக்கபி பேராயராகவும் டொமினிக் வெஸ்ட் வல்ழானாகவும் நடித்துள்ளனர். முதற்பகுதியின் இறுதியில் இக்காட்சி வருகிறது. வேகமாக ஓடும் தொடர் இங்கே நின்று நிதானிக்கிறது. பாட்டு இல்லை, ஆடம்பரம் இல்லை. இசை நாடகப் படத்தை மட்டும் அறிந்த மாணவர் இதனையும் பார்த்தல் நலம். எனினும் பேராயரின் பதினான்கு அத்தியாயங்கள் இங்கும் சுருங்கியே உள்ளன.

ஆகவே, கல்லூரியிலோ சபை இளைஞர் கூட்டத்திலோ இப்படங்களுள் ஒன்றைத் திரையிட விரும்பும் ஆயர்கள், புதினத்தின் முதற்பாகத்தில் இரண்டாம் நூலின் இறுதி அத்தியாயத்தை அதற்குமுன் உரக்க வாசிக்கச் செய்யலாம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. குதிரைமேல் வந்த குருவின் பகுதியை மட்டும் இருமுறை வாசிப்பது நன்று. முதல் வாசிப்பில் அவர் மிக வேகமாகக் கடந்து போய்விடுகிறார்.